நான்கு தங்கம் வென்ற ஜெசி ஓவன்ஸ்



தமிழ் வினாத்தாளில் விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை கேட்டாலும் சரி, சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் ஒலிம்பிக் பற்றி வினா வந்தாலும் சரி, வரலாற்றில் ஹிட்லரின் ஜேர்மனி பற்றி எழுத நேர்ந்தாலும் சரி, உங்களுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒரு வாழ்க்கை ஜெசி ஓவன்ஸுடையது. ஆனால் இவரைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலான விடைத்தாள்களில் நான்கு வாக்கியங்களே காணப்படும். ஹிட்லரின் முன்னிலையில் ஓடினார். நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார். ஹிட்லர் அவருக்குக் கைகொடுக்க மறுத்தார். இனவெறி அன்றோடு தோற்றது. இவற்றுள் முதல் இரண்டும் சரியானவை. மூன்றாவது சொல்லப்படும் விதம் சரியல்ல. நான்காவதைப் பற்றி இந்தப் பக்கங்களை வாசித்து முடித்த பின் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பிறப்பும் பெயரும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில், ஓக்வில் என்னும் சிற்றூரில் 1913 செப்டெம்பர் 12 ஆம் திகதி இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் ஓவன்ஸ். பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தந்தை பிறருடைய நிலத்தில் பருத்தி பயிரிட்டு, விளைச்சலில் ஒரு பங்கை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுத்து வாழ்ந்தவர். பாட்டன் காலத்தவர்கள் அடிமைகளாக இருந்தவர்கள். அமெரிக்காவில் அடிமை முறை 1865 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள். சட்டம் ஒழிந்த பின்னரும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பாடசாலை வேறு, பேருந்தில் இருக்கை வேறு, உணவகத்தில் வாசல் வேறு என்றே இருந்தது.

சிறுவன் ஓவன்ஸ் நோஞ்சான் பிள்ளை. அடிக்கடி நெஞ்சு நோயால் அவதிப்பட்டான். நல்ல வேலையும் ஓரளவு மரியாதையும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அக்காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே இடம்பெயர்ந்தன. ஓவன்ஸ் குடும்பமும் அவ்வாறே ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகருக்குச் சென்றது. அப்போது அவருக்கு வயது ஒன்பது.

புதிய பாடசாலையில் ஆசிரியை பெயர் கேட்டபோது, வீட்டில் அழைக்கும்படியே தன் முதலெழுத்துகளான ஜே. சி. என்பதைச் சொன்னான் சிறுவன். தெற்கத்திய உச்சரிப்பில் அது ஆசிரியையின் காதில் ஜெசி என்று விழுந்தது. இடாப்பில் அப்படியே பதிந்துவிட்டார். திருத்தச் சொல்லச் சிறுவனுக்குத் துணிவு வரவில்லை. உலகம் அறிந்த பெயர் இப்படி வந்ததுதான்.

அங்கே உடற்கல்வி ஆசிரியராக இருந்த சார்ள்ஸ் றைலி என்பவரை நீங்கள் மறக்கக்கூடாது. பாடசாலை முடிந்ததும் ஓவன்ஸ் சப்பாத்துத் திருத்தும் கடையில் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் மாலைப் பயிற்சிக்கு வர முடியவில்லை. றைலி அதற்காக அவரை விட்டுவிடவில்லை. காலையில் பாடசாலை தொடங்குவதற்கு முன் தனியாக வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். றைலி ஒரு வெள்ளையர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தரை நெருப்பாய்ச் சுடுவதைப் போல நினைத்துக்கொண்டு பாதம் தரையில் படும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம். ஓவன்ஸின் ஓட்டத்தைப் பழைய படச்சுருள்களில் பார்த்தால் அந்தப் பாடம் கண்ணுக்குத் தெரியும். முகத்தில் இறுக்கம் இல்லை, தோள்கள் அசைவதில்லை, கால்கள் மட்டும் பறக்கின்றன.

1933 இல் சிக்காகோவில் நடந்த தேசிய பாடசாலைகள் போட்டியில் 100 யார் ஓட்டத்தை 9.4 செக்கனில் ஓடி, அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார். பாடசாலை மாணவன் ஒருவன் செய்த சாதனை இது.

நாற்பத்தைந்து நிமிடங்கள்

பின்னர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்றுநர் லரி ஸ்னைடர். இத்தனை திறமை இருந்தும் ஓவன்ஸுக்குப் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மின்தூக்கி இயக்குவது உட்படப் பல பகுதிநேர வேலைகள் செய்தே படித்தார். கறுப்பின மாணவர் என்பதால் பல்கலைக்கழக விடுதியில் இடமில்லை. போட்டிகளுக்காக அணியோடு வெளியூர் போகும்போதும் வெள்ளை வீரர்கள் தங்கும் விடுதியில் தங்கவோ அவர்கள் உண்ணும் உணவகத்தில் உண்ணவோ முடியாது. ஒரே சீருடை, ஒரே அணி, ஆனால் சாப்பாடு வேறு கடையில். இது ஹிட்லரின் நாட்டில் அல்ல, அமெரிக்காவில் நடந்தது.

1935 மே 25 ஆம் திகதியை அடிக்கோடிட்டு வையுங்கள். பேர்லினைவிட அந்த நாளே பெரிது என்று சொல்வோரும் உளர். என்னைக் கேட்டால் நானும் அப்படியே சொல்வேன். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. சில நாட்களுக்கு முன் படிக்கட்டில் விழுந்ததால் ஓவன்ஸுக்கு முதுகில் கடும் வலி. குனியவே சிரமம். ஓட விடுவதா வேண்டாமா என்று பயிற்றுநர் யோசித்தார். ஒரு போட்டியில் மட்டும் ஓடிப் பார்க்கிறேன், பிறகு முடிவு செய்யலாம் என்று ஓவன்ஸ் கேட்டுக்கொண்டார்.

முதலில் 100 யார். 9.4 செக்கன், உலக சாதனை சமன். அடுத்து நீளம் பாய்தல். அப்போதைய உலக சாதனை யப்பானைச் சேர்ந்த சூஹெய் நம்பு என்பவருடைய 7.98 மீற்றர். அந்தத் தூரத்தில் ஓர் அடையாளம் வைக்கச் செய்துவிட்டு ஓவன்ஸ் பாய்ந்தார். அடையாளத்தையும் தாண்டி 8.13 மீற்றரில் விழுந்தார். அன்று அவர் பாய்ந்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒற்றைப் பாய்ச்சலை முறியடிக்க உலகத்துக்கு 25 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1960 ஓகஸ்டில்தான் ரல்ஃப் பொஸ்ரன் அதைத் தாண்டினார். பிறகு 220 யார் ஓட்டம், 20.3 செக்கன், உலக சாதனை. கடைசியாக 220 யார் தாழ் தடைதாண்டல் ஓட்டம், 22.6 செக்கன், அதுவும் உலக சாதனை. எல்லாம் சுமார் 45 நிமிடங்களுக்குள். உங்கள் ஒரு பாடவேளை அளவு நேரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பேர்லின் 1936

1936 ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டி ஜேர்மனியின் தலைநகர் பேர்லினுக்கு வழங்கப்பட்டது 1931 இல். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 இல். இந்த ஒழுங்கைச் சிலர் மாற்றி எழுதுகிறார்கள், கவனம். ஆரிய இனமே உயர்ந்த இனம், யூதரும் கறுப்பினத்தவரும் தாழ்ந்தோர் என்பது நாசிகளின் கொள்கை. 1935 இல் நியூரம்பேர்க் சட்டங்கள் மூலம் யூதர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. உயரம் பாய்தலில் தேசிய சாதனையைச் சமன் செய்த கிறெட்டல் பேர்க்மன் என்ற யூதப் பெண்ணைப் போட்டிக்குச் சற்று முன்னர் ஜேர்மன் அணியில் சேர்க்காமல் விட்டார்கள். இப்படிப்பட்ட நாட்டில் விளையாடலாமா என்று அமெரிக்காவில் பெரிய விவாதம் நடந்தது. புறக்கணிப்பு நடைபெறவில்லை. அமெரிக்க அணி கப்பலில் புறப்பட்டது. அதில் 18 கறுப்பின வீரர், வீராங்கனைகள் இருந்தனர்.

ஒலிம்பியாவிலிருந்து சுடரை ஓட்டக்காரர்கள் ஏந்தி வரும் வழக்கம் தொடங்கியதும் இந்த 1936 போட்டியில்தான். பரீட்சைக்கு உதவும் தகவல்.

ஓகஸ்ட் 3 ஆம் திகதி 100 மீற்றர் இறுதி. ஓவன்ஸ் 10.3 செக்கனில் முதலிடம். இரண்டாமவர் ரல்ஃப் மெற்கால்ஃப், அவரும் அமெரிக்கக் கறுப்பின வீரர். அக்காலத்தில் ஓடுபாதை இன்றுள்ளது போன்ற செயற்கைத் தளம் அல்ல, நிலக்கரிச் சாம்பல் பரப்பியது. காலை ஊன்றிப் புறப்படும் கட்டைகளும் இல்லை. ஒவ்வொருவரும் சிறு கரண்டி கொண்டு தரையில் தாமே குழி தோண்டி, அதில் பாதத்தை வைத்தே புறப்பட்டனர். அந்த 10.3 ஐ இந்த நிலைமையோடு சேர்த்து மதிப்பிடுங்கள்.

மறுநாள், ஓகஸ்ட் 4, நீளம் பாய்தல். இந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்ப்போம். தகுதிகாண் சுற்றில் 7.15 மீற்றர் பாய வேண்டும். ஓவன்ஸுக்கு அது விளையாட்டு. ஆனாலும் முதல் முயற்சிகள் பிசகி, ஒரே ஒரு வாய்ப்பு மீதமிருந்தது. அப்போது ஜேர்மன் வீரர் லுட்ஸ் லோங் அருகே வந்து, மிதிபலகைக்குச் சற்றுப் பின்னாலிருந்தே பாயும்படி ஆலோசனை சொன்னதாகவும், அதன்படி செய்து ஓவன்ஸ் தகுதி பெற்றதாகவும் ஒரு கதை உண்டு. ஓவன்ஸே பல மேடைகளில் இதைச் சொன்னார். ஆனால் அன்று மைதானத்தில் இருந்த பத்திரிகையாளர் ஒருவர் அப்படியொரு பேச்சைத் தாம் காணவில்லை என்றார். போட்டி முடிந்த பின்னரே லோங்கைச் சந்தித்ததாகப் பிற்காலத்தில் ஓவன்ஸ் ஒப்புக்கொண்டதாகவும் பதிவு உண்டு. ஆகவே விடைத்தாளில் இதை எழுதுவதானால் சொல்லப்படுகிறது என்று எழுதுங்கள், நடந்தது என்று எழுதாதீர்கள்.

நடந்தது என்று உறுதியாக எழுதக்கூடியது வேறொன்று. அதுவே போதுமானது. இறுதிப் போட்டியில் ஐந்தாம் முயற்சியில் லோங் 7.87 மீற்றர் பாய்ந்து ஓவன்ஸைச் சமன் செய்தார். சொந்த நாட்டு மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஓவன்ஸ் 7.94 பாய்ந்தார். கடைசி முயற்சியில் 8.06 பாய்ந்தார். ஒலிம்பிக்கில் எட்டு மீற்றரைத் தாண்டிய முதற் பாய்ச்சல் அது. தோற்ற லோங் முதல் ஆளாக ஓடி வந்து ஓவன்ஸைப் பாராட்டினார். ஹிட்லரும் இலட்சம் மக்களும் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் கைகோத்து நடந்தார்கள். புகைப்படங்கள் இருக்கின்றன. நாசி ஆட்சியில் ஒரு ஜேர்மானியர் அப்படி நடப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓகஸ்ட் 5 இல் 200 மீற்றர், 20.7 செக்கன், ஒலிம்பிக் சாதனை. மூன்றாவது தங்கம்.

நான்காவது தங்கத்தின் கதை அவ்வளவு இனிமையானதல்ல. 4 × 100 மீற்றர் அஞ்சல் ஓட்டத்தில் ஓடுவதற்கு ஓவன்ஸ் தெரிவு செய்யப்பட்டிருக்கவில்லை. ஓடவிருந்தவர்களுள் மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்ரோலர் என்ற இருவர் யூதர்கள். அமெரிக்க மெய்வல்லுநர் அணியில் இருந்த யூதர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. போட்டி நாளன்று காலையில் இருவரையும் நீக்கிவிட்டு ஓவன்ஸையும் மெற்கால்ஃபையும் சேர்த்தனர். தான் போதிய பதக்கம் பெற்றுவிட்டதாகவும் அவர்களே ஓட வேண்டும் என்றும் ஓவன்ஸ் சொன்னதாகக் கிளிக்மன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பயிற்றுநர்கள் கேட்கவில்லை. ஜேர்மனியர் வேகமான ஓட்டக்காரரை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். முடிவைப் பாருங்கள். அமெரிக்கா 39.8 செக்கன், உலக சாதனை. இத்தாலி 41.1. ஜேர்மனி 41.2. ஒரு செக்கனுக்கும் மேலான இடைவெளி. மறைத்து வைத்த வீரர் எவரும் வரவில்லை. ஹிட்லரின் மனம் கோணாதிருக்கவே இதைச் செய்தார்கள் என்று கிளிக்மன் கடைசிவரை நம்பினார்.

இனி அந்தக் கைகொடுத்தல் விடயத்துக்கு வருவோம். மெய்வல்லுநர் போட்டிகளின் முதல் நாளான ஓகஸ்ட் 2 இல் ஹிட்லர் ஜேர்மன் வெற்றியாளர்களையும் பின்லாந்து வெற்றியாளர்களையும் அழைத்துக் கைகொடுத்தார். அன்று மாலை உயரம் பாய்தலில் அமெரிக்கக் கறுப்பின வீரர் கோர்னீலியஸ் ஜோன்சன் தங்கம் வென்றபோது ஹிட்லர் மைதானத்தை விட்டுப் போய்விட்டார். கைகொடுப்பதானால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், இல்லையேல் எவருக்கும் கொடுக்கக்கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் அறிவுறுத்தினார். அதன் பின் ஹிட்லர் பகிரங்கமாக எவருக்கும் கொடுக்கவில்லை. ஓவன்ஸ் முதல் தங்கம் வென்றது மூன்றாம் திகதி. எனவே ஓவன்ஸை மட்டும் தனியாக அவமதித்தார் என்பது தவறு. ஹிட்லர் நல்லவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய குற்றங்கள் மலைபோல் இருக்கின்றன, இல்லாத ஒன்றைச் சேர்க்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் போட்டியில் அதிக பதக்கம் பெற்ற நாடு ஜேர்மனி. தங்கம் 33. அமெரிக்கா 24. இதை மறைத்துவிட்டு எழுதுவோர் பலர்.

வீடு திரும்பிய பின்

போட்டி முடிந்த கையோடு அமெரிக்க மெய்வல்லுநர் சங்கம் வீரர்களை ஐரோப்பிய நகரங்களுக்கு ஓட அனுப்பியது. பணம் சங்கத்துக்கு, வீரருக்கு ஒன்றுமில்லை. களைத்துப்போன ஓவன்ஸ் சுவீடனுக்குப் போக மறுத்து வீடு திரும்பினார். உடனே சங்கம் அவரை இடைநிறுத்தியது. அக்காலத்தில் பணத்துக்காக ஓடாத அமெச்சூர் வீரர்களே ஒலிம்பிக்கில் பங்குபற்றலாம். ஆகவே 23 வயது நிறையும் முன்பே ஓவன்ஸின் மெய்வல்லுநர் வாழ்வு முடிவுக்கு வந்தது. நான்கு தங்கம் வென்று சில நாட்களே ஆகியிருந்தன.

நியூயோர்க் நகரம் அவருக்கு ஊர்வலம் எடுத்தது. மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகளை மழையாகப் பொழிந்தார்கள். அன்று பெரிய ஹோட்டல் ஒன்றில் அவருக்காகவே நடந்த வரவேற்புக்குச் செல்ல, சாமான் ஏற்றும் மின்தூக்கியில்தான் அவர் போக வேண்டியிருந்தது. சனாதிபதி ரூஸ்வெல்ற் வெள்ளை மாளிகைக்கு அழைக்கவில்லை, வாழ்த்துத் தந்தியும் அனுப்பவில்லை. தன்னைக் கவனியாமல் விட்டவர் ஹிட்லர் அல்ல, தன் சொந்த நாட்டுச் சனாதிபதியே என்று ஓவன்ஸ் அந்த ஆண்டே வெளிப்படையாகச் சொன்னார்.

விளம்பரம், சினிமா என்று வந்த வாக்குறுதிகள் பெரும்பாலும் காற்றோடு போயின. குடும்பத்துக்குச் சோறு வேண்டும். 1936 டிசெம்பர் 26 இல் கியூபாவின் ஹவானா நகரில் ஒரு குதிரையோடு ஓடினார். 40 யார் முன்னால் நின்று தொடங்கி 100 யார் ஓட்டத்தில் குதிரையை வென்றார். கூட்டம் சிரித்து மகிழ்ந்தது. இது இழிவல்லவா என்று கேட்டோருக்கு, நான்கு தங்கப் பதக்கங்களைச் சாப்பிட முடியாது என்ற கருத்துப்படப் பதில் சொன்னார். சலவைத் தொழில் தொடங்கி 1939 இல் கடனாளியாகி வங்குரோத்தானார்.

உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. அடுத்தது 1948 இல் லண்டனில். இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றி, டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற அதே போட்டிதான். ஓவன்ஸ் அப்போது 34 வயதைக் கடந்துகொண்டிருந்தார். லுட்ஸ் லோங் உயிரோடு இல்லை. ஜேர்மன் படையில் சேர்க்கப்பட்ட அவர் 1943 ஜூலையில் இத்தாலியின் சிசிலித் தீவில் காயமுற்று இறந்தார். அஞ்சல் ஓட்டத்தில் ஓவன்ஸோடு ஓடிய ஃபோய் டிரேப்பர் அதே 1943 இல் அமெரிக்க விமானியாக வட ஆபிரிக்காவில் மாண்டார். 1951 இல் ஓவன்ஸ் மீண்டும் ஜேர்மனிக்குப் போனபோது லோங்கின் மகனைத் தேடிச் சந்தித்தார். பேர்லின் மைதானத்தில் பெருங்கூட்டம் அவரை வரவேற்றது.

1950களில் நிலைமை சீரடைந்தது. சிக்காகோவில் குடியேறி, மேடைப் பேச்சாலும் மக்கள் தொடர்புப் பணியாலும் உழைத்தார். 1955 இல் அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதுவராக இந்தியா, மலாயா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளுக்கு வந்தார்.

ஆனால் அவர் பற்றி விமர்சனமும் உண்டு, அதையும் அறிந்திருங்கள். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் தங்கமும் வெண்கலமும் வென்ற ரொமி ஸ்மித், ஜோன் கார்லோஸ் இருவரும் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தித் தம் இனத்தவருக்கு இழைக்கப்படும் அநீதியைக் காட்டினார்கள். அமெரிக்க ஒலிம்பிக் குழு அந்த வீரர்களைச் சமாதானப்படுத்த ஓவன்ஸையே அனுப்பியது. இளைஞர்கள் அவரைத் தம் பக்கத்தவராகக் கருதவில்லை. 1970 இல் அவர் எழுதிய நூலிலும் அத்தகைய போராட்டத்தைக் கண்டித்தார். அதற்கு எழுந்த எதிர்ப்பைக் கேட்டுச் சிந்தித்து, 1972 இல் இன்னொரு நூல் எழுதித் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். அறுபதை நெருங்கும் வயதில், பெயர் பெற்ற ஒருவர் அப்படிச் செய்ததை நான் அவருடைய பதக்கங்களோடு சேர்த்தே எண்ணுவேன்.

1976 இல் சனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் அவருக்கு நாட்டின் உயர் குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார். பேர்லினிலிருந்து 40 ஆண்டுகள் கழிந்திருந்தன. பல ஆண்டுகள் நாளுக்கு ஒரு பெட்டி என்ற அளவில் சிகரெட் புகைத்து வந்த ஓவன்ஸ், நுரையீரல் புற்றுநோயால் 1980 மார்ச் 31 ஆம் திகதி அரிசோனா மாநிலத்தில் காலமானார். வயது 66. உடல் சிக்காகோவில் அடக்கம் செய்யப்பட்டது.

1984 இல் பேர்லின் ஒலிம்பிக் மைதானத்துக்கு அருகே உள்ள வீதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கார்ல் லூயிஸ், ஓவன்ஸ் வென்ற அதே நான்கு நிகழ்ச்சிகளிலும் தங்கம் வென்றார். 1936 இல் அமெரிக்காவுக்காக விளையாடிய அந்த 18 கறுப்பின வீரர், வீராங்கனைகளின் உறவினர்களை 2016 செப்டெம்பரில் சனாதிபதி பராக் ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்து வரவேற்றார். ரூஸ்வெல்ற் அனுப்பாத அந்த அழைப்பு போய்ச் சேர 80 ஆண்டுகள் ஆயிற்று.